செல்ஃப் அடிக்கிறது, டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை: யாரிடம் காட்டுவது?

அதிகாலை நான்கரை மணி. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காகத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பற்றவில்லை. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அதன்பின் பன்னிரண்டு நாள்கள் எங்கள் டீசல் கார் ஓடவில்லை. முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி சர்வீஸ் செய்து, ஏர் எடுத்து (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி) ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஓர் இரவு நின்றது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

கடைசியில் தெருமுனையில் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். டீசல் ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஓஸ் குழாயைக் கழற்றினார். அந்த இடத்தில் உள்ளே ஓடுவது தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பொருத்தினார். செல்ஃப் அடித்தபோது டீசலோடு குமிழிகளும் ஓடின. முந்தின வாரம் ஃபில்டர் மாற்றியபோது ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக இரவெல்லாம் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கிறது. வளையத்தின் விலை சில பத்து ரூபாய். பம்ப்புக்கு நாங்கள் கொடுத்தது பதினெட்டாயிரம்.

அந்தப் பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. பம்ப்பைக் கழற்றும் முன் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. நானும் அளந்தீர்களா என்று கேட்கவில்லை. செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாத டீசல் காருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: நாமே பார்ப்பது, பழக்கமான மெக்கானிக்கை வரச்சொல்வது, பம்ப்பும், டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரும் மட்டுமே பார்க்கும் டீசல் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்வது. நான்கும் நல்ல வழிகள்தான், ஆனால் எல்லாக் கோளாறுக்கும் எல்லாம் பொருந்தாது. எதை முதலில் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே செலவு ஏறும், இறங்கும்.

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் வந்தபோது மாருதி சுஸுகி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று எத்தனையோ கார்களில் ஓடிய ஃபியட்டின் 1248 சிசி இன்ஜின் இன்றும் சாலைகளில் நிறைய இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வாரன்டி முடிந்து பல ஆண்டுகள் ஆனவை. கோளாறு வந்தால் முடிவும் செலவும் உரிமையாளர் தலையில்தான்.

முதல் பத்து நிமிடம்

யாரையும் அழைக்கும் முன் காதாலும் கண்ணாலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

செல்ஃப் சுற்றும் வேகத்தைக் கேளுங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பெரும்பாலும் 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றாவது வராவிட்டால் சூடும் போதாது, பம்ப்பில் அழுத்தமும் ஏறாது. 'சுற்றுகிறதே' என்று நாம் நினைக்கும் பல கார்கள் உண்மையில் மந்தமாகத்தான் சுற்றுகின்றன. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் பத்துக்குக் கீழே இறங்கினால் இன்ஜினை இயக்கும் கணினியே தடுமாறும். எனவே வேறெதற்கும் முன்னால் இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டுப் பாருங்கள். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

இதற்கு நேர்மாறாக, செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, ஒரே சீராக, 'விர்' என்று சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். வால்வுகளை இன்ஜினின் சுற்றோடு சேர்த்து இயக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். இன்னொரு முறை சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. இந்த ஓசை கேட்டால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. காரை இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சொல்லிவிடுவதுதான் வழி.

நேற்றுதான் டீசல் போட்டீர்களா? பில்லை எடுத்துப் பாருங்கள். தவறிப் பெட்ரோல் போட்டிருந்தால் சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசலே மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். டேங்கைக் காலி செய்து கழுவுவதோடு போகிற செலவு, சில முறை செல்ஃப் அடித்ததால் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் மாற்றும் செலவாகிவிடும்.

அடுத்தது புகை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனைக்கு நிகர் வேறில்லை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. சூடு போதாமை, கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) குறைவு, டைமிங் பிசகு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை. அப்போது ஃபில்டர், காற்று, பம்ப், சென்சார், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) என்று தேடல் இன்னொரு பக்கம் திரும்புகிறது. எங்கள் காரில் அன்று புகை துளியும் இல்லை. அதைக் கவனித்திருந்தால் மெக்கானிக்கிடம் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லியிருப்பேன்.

மீட்டரில் எரியும் விளக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சாவி அல்லது பூட்டுப் படம் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று பொருள். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியால் முயன்று பாருங்கள். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அதற்குத் தனி வழி உண்டு, கீழே சொல்கிறேன். ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில், வண்டி அடிபட்டால் எரிபொருளை நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது விழலாம். கையேட்டில் அதன் இடம் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

செல்ஃபை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் நல்ல செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் கோளாறுப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்ப்பதும் வீண். செல்ஃபே இன்ஜினைச் சரியான வேகத்தில் சுற்றும்போது, தள்ளுவதால் புதிதாக எதுவும் நடக்காது.

நாமே பார்ப்பது

இந்த வழியின் பலம், இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது. வரம்பு தெரிந்திருந்தால் போதும்.

பானெட்டைத் திறந்ததும் எலியின் தடம் தேடுங்கள். மழைக்காலத்தில் சூடான இன்ஜின் மேல் எலி கூடு கட்டுவது நம் ஊரில் சாதாரணம். கிராங்க் சென்சாருக்குப் போகும் ஒயரை அது கடித்திருந்தால் இன்ஜின் சுற்றுவதே கணினிக்குத் தெரியாது. தெரியாதபோது டீசல் தெளிக்கச் சொல்லாது. பிறகு ஃபியூஸ்களைப் பாருங்கள். ஒரே மாதிரியான ரிலேக்கள் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஃபில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும், டீசல் மேலே மிதக்கும். அப்போது தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்ற வேண்டும். பாட்டிலில் மினுங்கும் உலோகத் துகள் தெரிந்தால் நிலைமை வேறு. பம்ப் உள்ளே தேய்ந்து உதிர்கிறது. அதற்கு மேல் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்க வேண்டாம்.

இதற்கு அடுத்தபடியாக நான் வலியுறுத்துவது, காரின் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியிலிருந்து கோளாறு விவரம் படிக்கும் இணைப்பு) செருகி கைபேசியில் பார்க்கும் சிறு கருவி. ஓராயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 4 கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயமானதால், அதற்குப் பின் வந்த கார்களில் இது பெரும்பாலும் வேலை செய்யும். பதிவான கோளாறு எண்களைப் படிப்பது ஒரு பயன். பி 0335 என்றால் கிராங்க் சென்சார் வட்டாரம், பி 0087 என்றால் ரெயிலில் (பம்ப் அழுத்தி அனுப்பும் டீசலை எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பகிரும் பொதுக் குழாய்) அழுத்தம் போதவில்லை. ஆனால் இந்த எண்ணைப் பார்த்ததும் அந்தப் பாகத்தை வாங்கக் கடைக்கு ஓடுவது தவறு. எங்கள் காரில் பி 0087 இருந்தது, அதைக் காட்டித்தான் பம்ப்பைக் கழற்றினார்கள். அழுத்தம் இல்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது. ஏன் இல்லை என்று சொல்வதில்லை.

செல்ஃப் அடிக்கும்போதே ஓடும் எண்களைப் பார்ப்பதில்தான் அதன் முழுப் பயன் இருக்கிறது. சுற்று வேகம் சுழி என்று காட்டினால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். வேகம் 200க்கு மேல் வந்தும் ரெயில் அழுத்தம் பார் என்ற அழுத்த அலகில் சில பத்தைத் தாண்டவில்லை என்றால் டீசல் வரத்து, பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, உள்ளே கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று. பல இன்ஜின்களில் 150 முதல் 250 பார் வரை ஏறினால்தான் கணினி இன்ஜெக்டரைத் திறக்கும். அழுத்தமும் சரி, வேகமும் சரி, ஆனாலும் பற்றவில்லை என்றால் இம்மொபிலைசர், கேம் சென்சார், இன்ஜெக்டர் ஒயர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று கிளைகளில் நம் கார் எதில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரிடம் போவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

நம் கையின் எல்லை இதுதான்: இப்படி ரெயில் வழியாக டீசல் பகிரும் காமன் ரெயில் காரில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அம்பாசடர் காலத்து டீசல் இன்ஜின்களில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து ஏர் எடுப்பது வழக்கம். அப்பாவும் அப்படித்தான் செய்வார், எனக்கும் அந்தப் பழக்கம்தான் முதலில் கைக்கு வந்தது. காமன் ரெயிலில் ஓடும்போது அழுத்தம் பல கார்களில் 1600 பார் வரை போகும். ஊசிபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரியும், விரலையே இழக்க நேரிடலாம்.

காற்று போகும் வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும், பெட்ரோலில் நனைத்த துணியைக் காட்டுவதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனை உடைக்கக்கூடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ஹீட்டர் பிளக்கைப் பற்றியே ஒரு வார்த்தை. 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்றதும் நாலு ஹீட்டர் பிளக்கையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பழைய இண்டிகாவின் 1405 சிசி இன்ஜின் போன்றவற்றில் டீசல் முதலில் தனி அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அங்கே ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிர்ந்த இன்ஜின் திணறும். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினுக்குச் சென்னையிலோ நெல்லையிலோ ஹீட்டர் பிளக் இல்லாமலே பற்றும் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. ஊட்டியில் ஜனவரி மாதம் என்றால் அது வேறு. சமவெளியில், புகையே இல்லாமல் நிற்கும் காருக்கு ஹீட்டர் பிளக் மாற்றுவது வீண் செலவு.

பழக்கமான மெக்கானிக்

பேட்டரி, எர்த், ஃபில்டர், ஏர் லாக், ஓஸ் கசிவு ஆகியவற்றுக்கு இவரைவிடச் சிறந்தவர் இல்லை. கார் நிற்கும் இடத்திலேயே, இரவு முழுக்க நின்ற அதே நிலையிலேயே பார்க்கிறார். இதன் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. இழுத்துக்கொண்டு போய், ஏர் எடுத்து, ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் காற்றுக் கசிவின் தடயமே அழிந்துவிடும். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கும் அமைப்பில் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே கசியும், அதைக் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் கார் எந்த வகை என்று அவரிடம் கேளுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்' என்று ஓசை வந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

அனுபவம் தரும் நுட்பங்களும் இவரிடம் உண்டு. சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய ரோட்டரி பம்ப் (காமன் ரெயிலுக்கு முந்தைய வகை) வண்டியில் பம்ப் மேல் ஈரத் துணி போட்டுக் குளிரவைப்பார். உடனே பற்றினால் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஸ்கேனர் இல்லாமலே கிடைக்கும் உண்மையான சோதனை அது.

குறை எங்கே வருகிறது? ரெயில் அழுத்தம் தேவைப்படும் கிளையில் ஸ்கேனர் இல்லாமல் அவர் ஊகிக்கத் தொடங்கும்போது. 'சென்சார் மாற்றிப் பார்ப்போம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால், அதுவே அடுத்த வழிக்குப் போக வேண்டிய நேரம். எலி கடித்த ஒயர், ரிலே போன்றவை என்றால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைக்கலாம், அவர் இதில் வேகமானவர்.

டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்

வேகம் சரி, வரத்து சரி, குமிழி இல்லை, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்று மூன்றும் உறுதியானால் இங்கே போவதுதான் சரி. அதற்கு முன் போனால், பம்ப்பைப் பார்க்கிறவரிடம் பம்ப்பைப் பார்க்கச் சொன்னதாகவே ஆகும். அவர் மேல் குற்றமில்லை.

போனதும் கேட்க வேண்டியது இன்ஜெக்டரின் திரும்பு வழிச் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். நல்ல இன்ஜெக்டர் செல்ஃப் அடிக்கும்போது ஏறக்குறைய எதுவும் திருப்பி அனுப்பாது. ஒரு பாட்டில் மட்டும் நிறைந்தால் ரெயிலின் அழுத்தத்தை அந்த ஒன்றுதான் குடிக்கிறது. சூடானபின் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் காமன் ரெயில் கார்களில் இதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் சூட்டில் டீசல் இளகிக் கசிவு கூடுகிறது. கிராங்க் சென்சாரும் சூட்டில் இதே விளையாட்டைக் காட்டும். மேலே சொன்ன சுற்று வேக எண் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

புதிய இன்ஜெக்டரா, பழுது நீக்கியதா என்ற கேள்வி இங்கே வரும். புதியது ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டும். சோதனை மேசையில் ஏற்றி, முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தருகிற இடம் என்றால் பழுது நீக்கியதையே நான் தேர்ந்தெடுப்பேன். தாள் தர மறுக்கும் இடத்தில் எதையும் தரமாட்டேன். பல கார்களில் இன்ஜெக்டர் மேல் ஒரு குறியீட்டு எண் இருக்கும். மாற்றினால் அதைக் கணினியில் பதிய வேண்டும். அந்த வசதி அவர்களிடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஃபில்டரில் உலோகத் துகள் இருந்த காருக்கு இன்ஜெக்டர் மட்டும் மாற்றுவது பயனற்றது. பம்ப், ரெயில், குழாய், டேங்க் வரை சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் சில நாளில் அடைபட்டுவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

இம்மொபிலைசர், சாவி, கணினி, டைமிங் ஆகிய நான்குக்கும் நேரே இங்கேதான். சாவியைப் பதிவு செய்யும் அதிகாரமும், அந்த மாடலுக்கான முழு ஸ்கேனரும், ஒயரிங் வரைபடமும் இவர்களிடம்தான் ஒழுங்காக இருக்கின்றன. வாரன்டி மிச்சம் இருந்தால் வேறு யாரையும் திறக்கவிடாமல் இங்கே அனுப்புங்கள். காப்பீட்டில் சாலை உதவி சேர்த்திருந்தால் இழுத்துச் செல்லும் செலவும் அதில் வரலாம், பாலிசியைப் பாருங்கள்.

ஆனால் பத்து வயதுக் காரில் காற்றுக் கசிவைத் தேட இது வசதியான இடமல்ல. பாகத்தைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட முழுதாக மாற்றுவதே அவர்கள் நடைமுறை. எஸ்டிமேட் வந்ததும் கையெழுத்திடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எத்தனை பார் வந்தது? பதில் எண்ணாக வந்தால் அந்த எஸ்டிமேட்டை நம்பலாம். எண் வராவிட்டால், சோதனைக்கு மட்டும் கட்டணம் செலுத்திவிட்டு அளந்து தரச் சொல்லுங்கள். சோதனைக் கட்டணத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். மொத்தச் செலவில் மிகக் குறைவாகப் போகிற பணம் அதுதான். எந்த இடமானாலும் மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்ப், நான்கு இன்ஜெக்டர் என்று உண்மையாகவே வந்துவிட்டால் காரின் வயதையும் கணக்கில் எடுங்கள். பதினைந்து ஆண்டு நெருங்கும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் சேரும். அந்த இரண்டையும் கூட்டி, பழைய கார் வாங்குபவர் இருவரிடம் விலை கேட்டு, பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் காருக்கு அந்தக் கணக்கு வரவில்லை. புது வளையம் போட்டபின் ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நிற்கிறேன், வளையத்தில் டீசல் தடவி உட்காரவைக்கச் சொல்கிறேன், அன்றிரவு காரை நிறுத்தி மறுநாள் காலை ஸ்டார்ட் ஆனபிறகே மீதிப் பணத்தைக் கொடுக்கிறேன்.